பிள்ளைக்கு கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போகிறீர்களா?

கோல்ஃப் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். "எல்லார்கிட்டயும் இருக்குப்பா, எனக்கு எப்ப வாங்கித் தருவீங்க?" கண்ணில் வைத்து, குழியில் நட்டிருக்கும் கொடியைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால், இன்னும் இத்தனை யார்டு என்று எண் காட்டும் அந்தச் சின்னப் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். என் மகள் கேட்டபோது அவளுக்கு 11 வயது. பெரியவர்களுக்காக எழுதிய விமர்சனங்களை இரண்டு வாரம் படித்துவிட்டு, அதில் எல்லாரும் புகழ்ந்த ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் அது பையிலேயே கிடந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை, என் கைக்கு அது கச்சிதம். அவள் கைக்குத்தான் செங்கல் மாதிரி இருந்தது. இரண்டாவது முறை வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கவே வேண்டாம் என்று கொஞ்சம் தெளிந்திருந்தது. அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. கொடி 98 யார்டில் இருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். 98 யார்டுக்கு எந்த கிளப் (அடிக்கும் மட்டை) என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டிரைவிங் ரேஞ்சில், அதாவது அடித்துப் பழகும் திடலில், ஒவ்வொரு அயர்னிலும் (எண் போட்ட உலோகத் தலை கிளப்) பத்துப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். தரையில் உருண்ட தூரத்தைச் சேர்க்காதீர்கள், பந்து காற்றில் போய் விழுந்த இடம் வரைக்கும்தான் கணக்கு. மிக நன்றாகப் போன இரண்டையும் மோசமாகப் போன இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி ஆறின் சராசரியை நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் எப்போதும் அந்த ஒரே ஒரு அற்புதமான அடியைத்தான் தன் தூரம் என்று சொல்வார்கள் (அப்பாக்களும் அப்படித்தான்). ரேஞ்ச் பந்து தேய்ந்திருந்தால் தூரம் குறையும். அதனால் முடிந்தபோது மைதானத்தில் நல்ல பந்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகளின் முதல் பக்கத்தில் 7 அயர்ன் 95, 9 அயர்ன் 78, பிட்சிங் வெட்ஜ் 68 என்று இருந்தது. ஒரு வருடம் கழித்து அதே 7 அயர்ன் 112. வளரும் பிள்ளை என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

இந்த நோட்டில் 7 அயர்னுக்கும் 9 அயர்னுக்கும் நடுவே பத்துப் பதினைந்து யார்டு இடைவெளியாவது தொடர்ந்து தெரிந்தால் கருவி வாங்கலாம். எல்லா கிளப்பும் ஏறக்குறைய ஒரே தூரம் போகிறது என்றால், இன்னும் ஆறு மாதம் கோச்சிடம் விடுங்கள். அதுவரை மைதானத்தில் இருக்கும் குறிகளே போதும். பல மைதானங்களில் 100 யார்டுக்குச் சிவப்பு, 150-க்கு வெள்ளை, 200-க்கு நீலம் என்று கட்டையோ தட்டோ பதித்திருப்பார்கள். அங்கிருந்து அடி வைத்து எண்ணி நடக்கப் பழகிய பிள்ளைக்குத் தூரம் கண்ணிலேயே படிந்துவிடும். பின்னால் கருவி தப்பான எண் காட்டும்போது, 'இது இருக்காதே' என்று சந்தேகப்படுவது அந்தப் பிள்ளைதான்.

லேசரா, வாட்ச்சா?

இரண்டு வகை இருக்கிறது. லேசர் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்பை அனுப்பி, அது கொடியில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிடுகிறது. ஒளி விநாடிக்கு 30 கோடி மீட்டர் போகும். 150 யார்டு என்றால் 137 மீட்டர். அங்கே போய்த் திரும்ப, ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுகூட முழுதாக ஆகாது. அதைத்தான் அந்தப் பெட்டி அளக்கிறது. எந்த நல்ல கருவியும் ஒரு யார்டு கூடக்குறைய சரியாகச் சொல்லிவிடும். அரை யார்டுத் துல்லியம் என்று விளம்பரம் செய்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அடி எட்டு யார்டு முன்னே பின்னே விழும்.

ஜிபிஎஸ் வாட்ச் வேறு மாதிரி. அதில் மைதானத்தின் வரைபடம் ஏற்கெனவே இருக்கும். கிரீனின் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முன் ஓரம், நடு, பின் ஓரம் என்று மூன்று தூரம் காட்டும். குறிபார்க்கவே வேண்டாம், மணிக்கட்டைத் திருப்பினால் போதும். கொடி இன்று எங்கே நட்டிருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

என் கருத்து இது: 12 வயதுக்குக் கீழே, இன்னும் போட்டிகளில் இறங்காத பிள்ளைக்கு வாட்ச்தான் நல்லது. அந்த வயதில் கொடியை நோக்கி அடிப்பதைவிட, முன்னால் உள்ள பங்கரை (மணல் பள்ளம்) தாண்டி கிரீனின் நடுவில் போடுவதுதான் பெரிய விஷயம். லேசரோ பிள்ளையின் கண்ணைக் கொடியிலேயே கட்டிப்போடும். பங்கருக்குப் பின்னால் ஒட்டி நட்ட கொடியைப் பார்த்தால், அதற்கே அடிக்கத்தான் ஆசை வரும். வாட்ச் வாங்குவதானால், நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே அந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

போனில் இலவசச் செயலி போட்டுக்கொண்டால் போதாதா என்றால், பழகுவதற்குப் போதும். ஆனால் பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் அது தூரம் மட்டும் பார்க்குமா என்பது உங்களுக்கே தெரியும். ஜூனியர் போட்டிகள் சிலவற்றில் போனையே அனுமதிப்பதில்லை.

போட்டிகளில் ஆடத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு லேசர். இனி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போங்கள்

இணையத்தில் ஆர்டர் போடுவது சுலபம். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். லேசர் கருவியில் பிள்ளைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கொடிக்கம்பத்தின் தடிமன் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பெரும்பாலான கம்பங்கள் அதைவிட ஒல்லி. 150 யார்டுக்கு அப்பால் இருக்கும் அந்தக் குச்சியைப் பிள்ளை குறிபார்க்கிறது. கை அரை டிகிரி ஆடினால், அந்தத் தூரத்தில் குறி ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கொடி போய், பின்னால் உள்ள மரம் வரும். பெரியவர் கையே லேசாக ஆடும். பிஞ்சுக் கையில் கால் கிலோ கனத்தைத் தூக்கிப் பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதலில் எடையைப் பாருங்கள். பெரிய கருவிகள் 200 கிராமைத் தாண்டும். நிக்கானின் கூல்ஷாட் 20 வரிசை போன்ற சின்னவை 130 கிராம் அளவில்தான். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரியது. கருவியை ஒரு கையால் பிடித்தபடியே ஆள்காட்டி விரல் பொத்தானை எட்டுகிறதா என்றும் பாருங்கள். விரலை நீட்டி எட்டிப் பிடித்து அழுத்தும்போதுதான் குறி விலகும்.

உருப்பெருக்கம் 5 மடங்கோ 6 மடங்கோ போதும். 7 மடங்கு என்றால் கொடி பெரிதாகத் தெரியும், கூடவே கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது, கொடியைப் பிடித்தவுடன் அதிர்கிற வசதி. புஷ்னெல் அதை ஜோல்ட் என்கிறது, மற்றவர்கள் வேறு பெயர்களில் தருகிறார்கள். பெரியவர்களுக்கு இது ஒரு சௌகரியம். பிள்ளைக்கு இது இல்லாமல் முடியாது என்பேன். கொடியைப் பிடித்தோமா, மரத்தைப் பிடித்தோமா என்ற சந்தேகம் கையில் ஒரு சின்ன அதிர்விலேயே தீர்ந்துவிடும். கூடவே, அருகில் உள்ள பொருளுக்கு முன்னுரிமை தரும் கருவியாக இருக்க வேண்டும். வேட்டைக்கென்று தயாரித்த மலிவான கருவிகள் சில இதற்கு நேர்மாறாக, முன்னால் உள்ள புதரை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதைப் பிடிக்கும். 'கோல்ஃபுக்கும் ஆகும்' என்று சொல்லி அதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

கடை வாசலில் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். நூறு அடிக்கு அப்பால் மெல்லிய கம்பம் ஒன்று, அதற்குப் பின்னால் கட்டடமோ மரமோ இருக்க வேண்டும். நம் ஊரில் கரண்ட் கம்பத்துக்குப் பஞ்சமில்லை. இன்னும் தூரமாக ஒரு கம்பம் கிடைத்தால் ரொம்ப நல்லது. பிள்ளையை ஐந்து முறை அளக்கச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு முறை ஒரே எண், ஒன்று கூடக்குறைய வந்தால் சரி. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு விநாடிக்குள் முடிய வேண்டும். நீங்கள் வாங்கி அளந்து காட்டாதீர்கள், அதில் எதுவும் தெரியாது.

கண்ணாடி போட்ட பிள்ளை என்றால் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டு, கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிறதா என்று பாருங்கள். பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் வளையம் பல கருவிகளில் உண்டு. அதைத் திருகாமலே 'மங்கலா இருக்கு' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் அதிகம்.

உள்ளே எண் கறுப்பு நிறத்தில் தெரிகிறதா, சிவப்பாக ஒளிர்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. வெயிலில் கறுப்பு நன்றாகத் தெரியும். அடர்ந்த மரத்துக்கு எதிரே, சாயங்கால வெளிச்சத்தில், கறுப்பு எண் கரைந்துபோகும். பள்ளி விட்டு வந்து ஐந்து மணிக்கு ஆடும் பிள்ளைக்குச் சிவப்பு உதவும். ஆனால் விலை ஏறும்.

ஆயிரம் யார்டு வரை அளக்கும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். அது பளபளப்பான பெரிய பொருளுக்கான கணக்கு. கொடியை எவ்வளவு தூரத்தில் பிடிக்கும் என்பது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். பிள்ளைக்கு 250 யார்டு தாராளம்.

ஸ்லோப் என்றொரு பொறி

மேடு பள்ளத்தைக் கணக்கில் எடுத்து, கொடி 120 யார்டில் இருந்தாலும் ஏற்றம் என்பதால் 130 மாதிரி அடி என்று சொல்லும் வசதிதான் ஸ்லோப். பத்து யார்டு உயரத்துக்குப் பத்து யார்டு கூட்டிக்கொள் என்ற மனக்கணக்கின் கொஞ்சம் நுணுக்கமான வடிவம். பயிற்சிக்கு அருமையானது. போட்டியில் பயன்படுத்தினால் அபராதம்.

விதியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், பெற்றோர்களிடம் இதில் ஏகப்பட்ட குழப்பம் இருக்கிறது. 2019 ஜனவரியில் வந்த கோல்ஃப் விதிகளின்படி தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு, போட்டிக் குழு தன் உள்ளூர் விதியில் தடை செய்யாதவரை. 2021-ல் பெரிய தொழில்முறைப் போட்டியான பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலேயே அனுமதித்தார்கள். அளக்கக் கூடாதவை: உயர வித்தியாசம், காற்றின் வேகம். பந்து கிடக்கும் இடத்தை வைத்து 'இந்த கிளப் எடு' என்று கருவி சொல்வதைக் கேட்பதும் கூடாது. சில வாட்ச்சுகள் அதைச் செய்யும், எனவே வாட்ச் கட்டிய பிள்ளைக்கும் இது பொருந்தும். முதல் தடவை மீறினால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டமுறை) இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், அதே சுற்றில் மறுபடி மீறினால் வெளியேற்றம். கருவியில் ஸ்லோப் வசதி இருப்பது தப்பில்லை, அது அணைந்திருக்க வேண்டும்.

ஸ்லோப் உள்ளதை வாங்கினால், பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச் இருப்பதையே வாங்குங்கள். அணைத்திருப்பது வெளியிலிருந்து பார்த்தாலே நிறத்திலோ விளக்கிலோ தெரிய வேண்டும். மெனுவுக்குள் போய்ப் பொத்தானை நீளமாக அழுத்தி அணைக்கும் கருவி பிள்ளைக்கு வேண்டாம். ஏழாவது ஹோலில் தெரியாமல் அழுத்திவிட்டு, யாராவது கேட்டால் அழுதுகொண்டு நிற்கும்.

தட்டையான மைதானத்தில் ஆடுபவர்களுக்கு இது தேவையே இல்லை. சென்னை மாதிரிச் சமதரை ஊரில் ஆடும் பிள்ளைக்கு ஸ்லோப்புக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது வீண். ஊட்டி, கொடைக்கானல் கதை வேறு. ஆனால் அங்கே இன்னொன்றும் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, பந்து சென்னையில் போவதைவிடக் கூடுதலாகப் போகும். பெரியவர்கள் சுமார் பத்து சதவீதம் என்று கணக்கு வைப்பார்கள், பிள்ளைகளின் வேகத்துக்கு அது கொஞ்சம் குறையும். சாதாரண ஸ்லோப் கருவி இந்த உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மலைக்குப் போனால் நோட்டில் தனிப் பக்கம் போட்டுவிடுங்கள். பனிமூட்டம் இறங்கினால் லேசர் அந்த மூட்டத்திலேயே பட்டுத் திரும்பி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அன்றைக்கு வாட்ச் கட்டியவர்தான் ராஜா.

பேட்டரி, உறை, விலை

சிஆர்2 என்ற குட்டி பேட்டரி போடும் கருவிகளும் உண்டு, டைப்-சி சார்ஜரில் சார்ஜ் செய்வனவும் உண்டு. சிஆர்2 தெருமுனைக் கடையில் கிடைக்காது, கேமரா கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் ஓடும், பையில் ஒன்று உபரியாக வைத்துக்கொண்டால் கவலையில்லை. சார்ஜ் வகை என்றால் போட்டிக்கு முதல் நாள் இரவு சார்ஜில் போடுவது யார் வேலை என்று வீட்டில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

காந்தம் வைத்து வண்டியின் கம்பியில் ஒட்டும் வசதியை எல்லாரும் புகழ்கிறார்கள். நடந்தே ஆடும் பிள்ளைக்கு அது தொலைப்பதற்கான வசதி. பையில் கொக்கியால் மாட்டும் உறையும், ஜிப்புக்குப் பதில் இழுத்து மாட்டும் எலாஸ்டிக் பட்டையும் போதும். உறையில் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதி ஒட்டுங்கள். எல்லாக் கருவியும் ஒரே மாதிரிதான் இருக்கும். நம் கடலோர ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, பத்தாயிரம் ரூபாயை ஒட்டியே இன்று உருப்படியான கருவி கிடைக்கிறது. இருபது முப்பதாயிரத்தில் லென்ஸும் அதிர்வும் வேகமும் நன்றாகவே மேம்படும். அதற்கு மேல் போவது, மூன்று வருடத்தில் கை வளர்ந்து வேறு கேட்கப்போகிற பிள்ளைக்குத் தேவையில்லை. கிளப்பில் யாராவது புதிது வாங்கிப் பழையதை விற்றால் தாராளமாக வாங்கலாம், மேலே சொன்ன கம்பச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். புதிது என்றால் இந்தியாவிலேயே வாரண்டி உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததை இங்கே பழுதுபார்க்க ஆள் தேடி அலைந்திருக்கிறேன்.

வாங்கிய பிறகு

முதல் வேலை, அலகை யார்டில் வைப்பது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒரு சனிக்கிழமை மகள் அடித்ததெல்லாம் கிரீனுக்குப் பத்து யார்டு முன்னாலேயே விழுந்தது. ஆறு ஹோல் வரை அப்படியே. ஸ்விங்கில் ஏதோ கோளாறு என்று நான் தூரத்திலிருந்தே சைகை காட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவதில், பையைச் சுமந்து வந்த கேடி அண்ணன் கருவியை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது மீட்டர்ல இருக்கு" என்றார். மூலையில் ஒரு சின்ன எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். 118 என்று காட்டியது 118 மீட்டர், அதாவது 129 யார்டு. பையில் போடும்போது பொத்தான் அழுந்தியிருக்கிறது. அன்றிலிருந்து முதல் டீக்கு (முதல் அடி அடிக்கும் இடம்) போகும் முன் 150 குறிக்குப் பக்கத்தில் நின்று கிரீனை ஒருமுறை அளந்துவிடுவாள். 150-ஐ ஒட்டி வந்தால் எல்லாம் சரி.

பிடிக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெதுவாக விட்டபடி அழுத்த வேண்டும். காற்று வீசும் நாளில் நிற்கும் பையின் மேல் கையைச் சாய்த்துக்கொள்ளலாம். முதலில் கொடிக்குச் சற்றுப் பக்கத்தில் குறியை வைத்து, மெல்ல நகர்த்திக் கொடியைத் தொட்டால் சீக்கிரம் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் போராட வேண்டாம். முன்னால் உள்ள பங்கரின் மேட்டை ஒருமுறை, பின்னால் உள்ள மரத்தை ஒருமுறை அளந்தால் கொடி நடுவில் எங்கோ இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். தண்ணீரை நேராக அளக்க முயன்றால் பெரும்பாலும் எண் வராது, எதிர்க்கரையை அளக்கச் சொல்லுங்கள். கருவியைச் சூரியன் பக்கம் திருப்பிப் பார்க்கவே கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தன் முறை வரும்வரை சும்மா நின்றுவிட்டு, வந்ததும் பையைத் திறந்து, உறையைப் பிரித்து, மூன்று தடவை அளக்கும் பிள்ளைகளால்தான் ஜூனியர் போட்டிகள் ஊர்கின்றன. ஒரு அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று விதியே பரிந்துரைக்கிறது. மற்றவர் அடிக்கத் தயாராகும்போதே, அவர் பார்வையில் படாமல் தள்ளி நின்று அளந்து முடித்துவிடப் பழக்குங்கள்.

போட்டி நாள் காலையில் உள்ளூர் விதித் தாளை வாங்கி, கருவிக்குத் தடை இருக்கிறதா என்று பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். ஸ்லோப் சுவிட்சை அணைத்ததை உங்களிடம் காட்டிவிட்டுப் போகட்டும். இன்னொன்றும் அன்றைக்குச் சொல்லி அனுப்புங்கள். கூட ஆடும் பிள்ளை "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் அளந்ததைத் தாராளமாகச் சொல்லலாம், தூரம் எல்லாருக்கும் பொதுவான தகவல் என்பதுதான் விதி. அதே பிள்ளை "எந்த கிளப் எடுத்தே?" என்று கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவருக்கும் இரண்டு ஸ்ட்ரோக், சொன்னவருக்கும் இரண்டு ஸ்ட்ரோக்.